எஞ்சினுக்குப் பொட்டு வைத்த வெள்ளிக்கிழமைகள்

"கிர்ர்... கிர்ர்... கிர்ர்ர்ர்..." என்று நீளமாக இழுத்து, இதோ பற்றிக்கொள்ளப்போகிறேன் என்று ஆசை காட்டி, கடைசியில் "தொக்" என்ற சத்தத்தோடு அடங்கிப்போகும் எங்கள் கார். அடங்கிய பிறகு பெட்ரோல் வாசனை மெல்ல எழுந்து, காம்பவுண்டுச் சுவரோரமாகவே வந்து, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நுழையும். தோசைக்கரண்டியும் கையுமாக நிற்கும் அம்மா வாசலைப் பார்க்காமலே "இன்னிக்கும் மக்கர்" என்பாள். கீழ்க்கட்டளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டில், நான் நான்காம் வகுப்பு படித்த அந்த வருஷம், பல காலைகள் இப்படித்தான் விடிந்தன.

அது ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்த வெள்ளைக் கார். வெள்ளை என்பது பெயருக்குத்தான். பலமுறை துவைத்த பனியனின் நிறத்துக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தப்பு அதன்மேல் இல்லை என்பதைப் பின்னால் நீங்களே பார்ப்பீர்கள். அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், நானும் அதே பள்ளி, அப்பாவின் அலுவலகமும் அங்கேயே சற்றுத் தள்ளி. ஆக மூன்று பேரும் ஒரே வண்டியில் ராஜா மாதிரி போகலாம் என்றுதான் அப்பா அதை வாங்கினார். சில நாள் அப்படியே போனோம். மற்ற நாட்களில் அப்பா வியர்க்க விறுவிறுக்கச் சாவியைத் திருகிக்கொண்டிருக்க, நானும் அம்மாவும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினோம்.

எப்போதும் கிளம்பாத வண்டி என்றால் அதைத் திட்டி, தலைமுழுகி, வேறு வேலை பார்க்கலாம். இது அப்படியில்லை. திங்கட்கிழமை தொட்டதும் சிணுங்காமல் கிளம்பும், செவ்வாயும் கிளம்பும், நாம் நிம்மதியாக மூச்சு விட்டதும் ஒருநாள் காலை வாரிவிடும். அதைவிடக் கொடுமை, காலையில் எவ்வளவு கெஞ்சியும் அசையாத அதே வண்டி, மத்தியானம் போய் விளையாட்டாகச் சாவியைத் திருப்பினால் "இதோ வந்துட்டேன்" என்று உறுமும். மேடவாக்கம் ரோட்டில் தகரக்கொட்டகை போட்டு வைத்திருந்த மெக்கானிக் ஏழுமலை அண்ணன், கடை வேலையெல்லாம் முடித்துவிட்டு வெயில் ஏறிய பிறகு வந்து பார்க்கும்போதெல்லாம் அது நல்லபிள்ளையாக முதல் திருகலிலேயே கிளம்பியது. "சார், இது என்னைப் பாத்தா நடிக்குது சார்" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

எங்கள் தெருவில் அந்த வண்டிக்கு வைத்தியம் சொல்லாதவர்களே கிடையாது. ஆட்டோக்காரர் "பெட்ரோல்ல கலப்படம்" என்றார். அப்பாவின் ஆபீஸ் நண்பர் பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "கண்ணு பட்டுக்கீதும்மா, வேற இன்னா? ஒரு எலுமிச்சங்காயைச் சுத்திப் போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வஞ்சிரத்தை வெட்ட உட்கார்ந்தாள். பேட்டரி மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, எஞ்சினைச் சுழற்றிவிடும் "செல்ஃப்"பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியும் ஆயிற்று. உள்ளே எல்லாம் புதுசு, குணம் மட்டும் பழசு.

இனி அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் காரும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு ஒரே வாரத்தில் வந்தார்கள்.

சுமதி அத்தை அப்பாவின் தங்கை. மறைமலை நகரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்களே தவிர மனுஷியாக வைத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, ஒரு சாயங்காலம் அத்தை ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள் என்பது மட்டும்தான். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா பெட்டியை வாங்கி என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "முதல்ல முகத்தைக் கழுவு சுமதி, சாப்பிடலாம்" என்றாள். மறுநாள் காலையில் தூறல். அன்றைக்குத்தான் கார் முதல்முறையாகக் கிளம்ப மறுத்தது.

அதற்கப்புறம் ஒருநாள், மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா துணி காயப்போட்டபடியே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு வந்த வேளை, பாவம், நல்லா இருந்த வண்டிகூட நகர மாட்டேங்குது." கெட்ட மனுஷி இல்லை அவர். எனக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் கஞ்சி கொடுத்தனுப்பியவர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோயிருப்பார். கீழே குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தைக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது, போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கியும் விட்டது.

அத்தை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. அலமாரியில் ஒரு தட்டை அவளுக்கென்று அம்மா ஒழித்துக் கொடுத்திருந்தும், ஒரு புடவையை எடுப்பாள், கட்டுவாள், துவைப்பாள், மடித்து மறுபடி பெட்டியிலேயே வைப்பாள். மறைமலை நகர் வீட்டில் அவளுடைய தையல் மெஷின் கிடந்தது, கல்யாணத்துக்கு முன்னால் தானே தைத்துச் சம்பாதித்து வாங்கியது. போய் எடுத்து வரலாம் என்று அப்பா கூப்பிட்டபோது, "வேண்டாம் அண்ணா. அவங்க வாசல்ல போய் இந்த வண்டி நின்னுட்டா, நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?" என்றாள்.

ஒருநாள் பக்கத்தில் படுத்திருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள்: "தாம்பரத்துல வேலைக்குப் போற பொம்பளைங்க தங்கற ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. பேசி வெச்சிருக்கேன். இந்த மாசம் பார்ப்பேன். வண்டி சரியாகலைன்னா நான் போயிடறதுதான் உங்க எல்லாருக்கும் நல்லது. அம்மாகிட்ட சொல்லிடாதே கண்ணு." நான் மறுநாள் பல்கூடத் துலக்காமல் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: வண்டி ஓடினால் அத்தை இருப்பாள், ஓடாவிட்டால் போய்விடுவாள். அத்தை போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் ரெட்டைப் பின்னலைக் கோணல் இல்லாமல் போட அவளுக்கு மட்டும்தான் தெரியும், நான் பேசப் பேச "அப்புறம்?" என்று கேட்க அவளுக்கு மட்டும்தான் பொழுதிருந்தது. பள்ளிக்குக் கிளம்பும்முன் அந்தக் காரின் விளக்கைத் தடவிக்கொடுத்து, "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று கெஞ்சிய நாட்கள் உண்டு.

அம்மா அத்தையிடம் நேராகவே கேட்டுப் பார்த்தாள். "சும்மா குழந்தைகிட்ட விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி" என்று அத்தை நழுவிவிட்டாள். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வண்டிகளுக்கும் மரியாதை உண்டு. சைக்கிளிலிருந்து லாரிவரை கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு பூவையும் செருகிவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். எங்கள் காருக்கு அந்தப் பொறுப்பை அத்தை தானாகவே எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளித்து, ஈரத்தலையோடு சொம்பும் கையுமாகப் போய்விடுவாள். நாங்கள் எழுந்து வரும்போது சக்கரங்களில் மஞ்சள் வழிந்திருக்கும், முகப்பில் மூன்று பொட்டு பளிச்சென்று இருக்கும், அத்தை சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருப்பாள். வண்டி மக்கர் செய்யச் செய்ய அவளுடைய சிரத்தையும் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் அம்மாவுக்குத்தான் ஒரு யோசனை வந்தது. ஏழுமலை அண்ணனைப் பார்த்து, "வண்டியை உங்ககிட்ட கொண்டு வந்தா நல்லா ஓடுது, நீங்க லேட்டா வந்தாலும் நல்லா ஓடுது. அது முரண்டு பிடிக்கிற நேரத்துக்கே வந்து பாருங்களேன் அண்ணா, போற வழிதானே" என்று சொல்லி வைத்தாள். அவரும் கடை திறக்கப் போகும் வழியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். வந்த இரண்டொரு நாளும் வண்டி சமர்த்தாகக் கிளம்பித் தொலைத்தது. பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அப்பா சாவியைத் திருப்பினார். கிர்ர், கிர்ர், தொக். ஏழுமலை அண்ணனின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "மாட்டிக்கினியா" என்று கையைத் தேய்த்துக்கொண்டே போய் பானெட்டைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றுவிட்டார். நாங்களும் போய் எட்டிப் பார்த்தோம். உள்ளே எஞ்சின் முழுவதும் மஞ்சள் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. பேட்டரிக்கு ஒரு பொட்டு, ஏர் ஃபில்ட்டருக்கு ஒரு பொட்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் "டிஸ்ட்ரிப்யூட்டர்" மூடிக்குச் சந்தனம் அப்பிய பெரிய பொட்டு, அதன்மேல் அப்போதுதான் பறித்த செம்பருத்தி.

"இன்னாம்மா இது? எஞ்சினுக்கு அபிஷேகமே பண்ணிக்கீறீங்க" என்றார் ஏழுமலை அண்ணன்.

பேட்டரியும் பிளக்கும் மாற்றிப் பலனில்லாமல், பானெட்டைத் திறப்பதையே எல்லோரும் விட்டுவிட்ட பிறகு, நோவு எஞ்சினுக்கு இருக்கும்போது வெளியே மட்டும் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம் என்று அத்தை நினைத்திருக்கிறாள். அப்பா பானெட்டைத் திறப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துப்போய், உள்ளே வலிக்கும் இடத்திலேயே மருந்தைத் தெளித்திருக்கிறாள். ஏழுமலை அண்ணன் அந்த மூடியைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். காய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை, ஈரம் இறங்கினால் கரண்ட் வழிதவறிப் போய்விடும், வண்டி பற்றாது, வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். தூறல் விழுந்த காலைகள், பனி இறங்கிய காலைகள், அத்தையின் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒரே கணக்குக்குள் வந்து உட்கார்ந்தன. வண்டி ஓட வேண்டும் என்று அவள் ஊற்றிய தண்ணீர்தான் வண்டியை ஓடவிடாமல் செய்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்கும். "சுமதி" என்று கூப்பிட வாயெடுத்தவரின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டு என்ன சொல்லப்போறீங்க? உன்னாலதான் வண்டி ஓடலைன்னா?" அம்மாவின் குரல் எங்கள் மூன்று பேரைத் தாண்டிப் போகவில்லை. "அதைத்தான் அவ ஏற்கெனவே நம்பிக்கிட்டு பெட்டியோட உட்கார்ந்திருக்கா. நீங்களும் சொல்லிட்டா இன்னிக்கே கிளம்பிடுவா."

அம்மா ஏழுமலை அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, தண்ணி ஊத்தக்கூடாதுன்னு அவகிட்ட சொல்ல வேணாம். தண்ணி ஊத்தினாலும் ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க."

அவர் ஒரு நிமிஷம் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே அம்மிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பண்லாம்மா. மழைக்கு ரோட்ல தண்ணி நிக்கற ஏரியா வண்டிக்கெல்லாம் போட்டுக் குடுக்கறதுதான். கோட்டு மாட்டிடலாம்" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டால் எல்லா ஈரத்தையும் துடைத்தார், பொட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அத்தையின் ரகசியத்தை விடிந்ததும் போட்டுடைத்தவள் இந்த ரகசியத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றிவிட்டேன்.

அடுத்த நாளே வண்டிக்குப் புது மூடி வந்தது, ஒயர்களும் புதிதாக வந்தன. அதன்மேல் ஒரு பழைய டியூபை வெட்டி, மடித்து, இறுக்கிக் கட்டி, மழைக்காலத்தில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளையைப்போல அந்த டிஸ்ட்ரிப்யூட்டரை மூடிவைத்தார் ஏழுமலை அண்ணன். வெள்ளிக்கிழமை வந்தது. அத்தை சொம்போடு போனதை அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் விழித்துக்கொண்டே படுத்தபடி கேட்டோம். திரும்பி வந்து, "என்னமோ கறுப்பா ரப்பர் சுத்தியிருக்கே அண்ணா?" என்று கேட்டாள். "மழைக்குப் போட்டது" என்றார் அப்பா. அதுவும் பொய்யில்லை. போய்ப் பார்த்தேன், ரப்பருக்கும் பொட்டு வைத்திருந்தாள்.

அப்பா சாவியைத் திருப்பினார். முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. கேட்டோரம் நின்றிருந்த அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஒன்றும் தெரியாதவள்போல டிபன் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளி மட்டுமில்லை, அடுத்தடுத்த வெள்ளிகளிலும் கிளம்பியது. மழைக்காலம் பிறந்து, தெருவெல்லாம் சகதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், காபி ஆற்றிக்கொண்டே அத்தை சொன்னாள்: "அண்ணா, அந்த மெஷினை எடுத்துட்டு வந்துடலாமா?"

நாலு பேரும் போனோம். பல்லாவரம் போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியபோதே தூறல் ஆரம்பித்துவிட்டது. மறைமலை நகரில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தும்போது நல்ல மழை. வரவேற்பு ஒன்றும் இல்லை, சண்டையும் இல்லை. வராந்தாவில் அத்தையின் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் புருஷன் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை, அக்கம்பக்கத்து ஜன்னல்களில் மட்டும் தலைகள் முளைத்தன. அப்பா மெஷினின் தலையைக் கழற்றிப் பின்சீட்டில் எங்களுக்கு நடுவே வைத்தார், ஸ்டாண்டைத் தூக்கி வண்டிமேல் கட்டினார். நனைந்துபோய் வந்து உட்கார்ந்தவர் சாவியைத் தொட்டுவிட்டு ஒரு கணம் அப்படியே இருந்தார். பக்கத்துச் சீட்டில் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

கிளம்பியது. ஒரு இருமல்கூட இல்லை.

அத்தை அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் டாஷ்போர்டில் கைவைத்து, காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டே வந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டி வண்டலூர் வந்ததும், "எங்கயாவது நிறுத்தி ஒரு காபி சாப்பிடலாமே" என்றாள். "இந்த மழையில நிறுத்தறதா?" என்று அப்பா தயங்கினார். "நிறுத்துங்கண்ணா, கிளம்பும்" என்றாள் அத்தை. அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒவ்வொரு புடவையாக அலமாரியில் அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சாயங்காலத்தைவிடச் சந்தோஷமான சாயங்காலம் என் சின்ன வயதில் வேறு இருந்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது நான் நாவலூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். பித்தானை அமுக்கினால் கிளம்பும் கார். அதன் பானெட்டை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை, திறந்தாலும் எது எங்கே இருக்கிறது என்று தெரியப்போவதில்லை. வண்டி கழுவக் கூடாது என்று கீழே போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வெள்ளைக் கார் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஏழுமலை அண்ணனின் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை, நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக நாலு மாடி. அப்பாவும் இல்லை. அம்மாவும் அத்தையும் கீழ்க்கட்டளையிலேயே வேறொரு தெருவில் சேர்ந்து இருக்கிறார்கள். "நான் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி மஞ்சத்தண்ணி தெளிக்கலைன்னா அந்த வண்டி என்னிக்கோ படுத்திருக்கும்" என்று அத்தை இன்றைக்கும் பெருமையடிப்பாள். அம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் "ஆமா, பின்னே?" என்பாள். நாங்கள் சொல்லவே இல்லை.

இப்படிப் போனவற்றில், அத்தையை விட்டுப் போன ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமில்லை. போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகக் காலையிலேயே கீழ்க்கட்டளைக்குப் போனேன். அம்மா தயாராகிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், பித்தானை அமுக்கினால் என் கார் செத்த மாதிரி கிடந்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்து அலுத்துப்போய், "நான் ஒரு இடத்துக்குக் கிளம்பினாலே இப்படித்தான், என் ராசி அப்படி" என்று முனகிவிட்டேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது.

"ராசியாவது ஒண்ணாவது. வண்டின்னா ஒருநாள் நிக்கும், ஒருநாள் ஓடும். அதுக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள். "பேட்டரி போயிருக்கும், போன் பண்ணி ஆளை வரச் சொல்லு."

சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், கீரை முறத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்குக் காபி போட உள்ளே போய்விட்டாள்.